மலையும் சமவெளியும்: உயரத்திற்கேற்ப மாறும் சௌகரியம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்குச் செல்லும் மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டரே ஆகும். 1899ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டில் உதகை வரையிலும் இப்பாதை திறக்கப்பெற்றது. வண்டி புறப்படும் நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்று சேரும் நிலையமோ 2,203 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்திரை மாதத்தில் இவ்வண்டியில் ஏறும் சமவெளிப் பயணி, முதலில் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்துக் காற்றுக்காக ஏங்குகிறார். குன்னூரை அடைந்ததும் சன்னலைச் சாத்துகிறார். உதகையில் இறங்கும்போது சால்வையைத் தேடுகிறார். அதே நாளில், தம் நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டியில் விற்பதற்காக மலையிலிருந்து இறங்கி வரும் விவசாயி, ஏலம் முடியும் வரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டுமென்று துடிக்கிறார். முன்னவருக்குக் குளிர் தொல்லை, பின்னவருக்கு வெப்பம் தொல்லை.

இவ்விருவரில் யாருடைய உணர்ச்சி சரியானது என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டும் சரியானவையே. மனிதனுடைய சௌகரியம் என்பது வெப்பமானியில் காணும் ஓர் எண்ணன்று. அவன் வாழும் உயரத்தில் அவன் உடல் பெற்ற பழக்கமும், அவ்விடத்திற்கேற்ப அவன் முன்னோர் கண்ட உடை, உணவு, வீடு ஆகிய ஏற்பாடுகளும் சேர்ந்து உண்டாக்குவதே சௌகரியம். இவ்வுண்மையை உணராமல், சமவெளிக்கென்று வகுத்த திட்டத்தை மலைக்கு அப்படியே ஏற்றிவிட்டால், நல்ல நோக்கத்துடன் செய்த செலவும் மக்களுக்குத் துன்பமாக முடியக்கூடும். ஆதலின், உயரம் நம் உடலுக்கும் விருப்பங்களுக்கும் என்ன செய்கிறது என்பதைக் கிராம முன்னேற்றப் பணியில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

உயரம் உண்டாக்கும் மாறுதல்கள்

உயரே செல்லச் செல்ல மாறுபவை மூன்று. முதலாவது வெப்பம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி சென்டிகிரேடு குறைகிறது. மேட்டுப்பாளையத்தில் வெயிற்காலப் பிற்பகலில் 35 டிகிரி இருக்குமானால், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்ந்துள்ள உதகையில் 22 அல்லது 23 டிகிரிதான் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் தெளிந்த இரவுகளில் உதகையின் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து புல்வெளி வெண்மையாவதைப் பலரும் கண்டிருப்பர்.

இரண்டாவது, காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் காற்று நம்மீது செலுத்தும் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திற்குச் சமம். உதகையில் இது முக்கால் பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எவ்வுயரத்திலும் நூற்றுக்கு 21 பங்கே. ஆயினும் காற்றே அடர்த்தி குறைந்து விடுவதால், ஒரு மூச்சில் உள்ளே செல்லும் பிராணவாயுவின் அளவு குறைகிறது. மலைமீது ஏறுவோருக்கு உண்டாகும் தலைவலியையும் குமட்டலையும் குறித்து ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஹோஸே தே அக்கோஸ்தா 1590ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எழுதியுள்ளார். அதற்குக் காரணம் பிராணவாயுவின் அழுத்தம் குறைவதே என்பதைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர் தம் சோதனைகளால் நிறுவி 1878ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

மூன்றாவது, வெயிலின் தன்மை. மேலே காற்று குளிர்ந்திருந்தாலும் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் ஆயிரம் மீட்டருக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு வீதம் வலுக்கின்றன. மலையில் நிழலில் நிற்பவர் குளிரால் நடுங்க, சில அடி தள்ளி வெயிலில் நிற்பவரின் முகம் கருகுவதற்குக் காரணம் இதுவே. சமவெளியில் நிழலைத் தேடி வீடு கட்டுகிறோம். மலையிலோ வெயிலைத் தேடிக் கட்ட வேண்டியுள்ளது.

உடல் பழகும் விதம்

சமவெளியிலிருந்து உதகைக்கு மாற்றலாகிச் செல்லும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் சில நாட்களில் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், இரவில் உறக்கம் கலையும். இவை நோயல்ல. குறைந்த பிராணவாயுவை ஈடு செய்ய நுரையீரலும் இருதயமும் மிகுதியாக உழைப்பதன் அறிகுறிகளே. சில வாரங்களில் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகி, அதே காற்றிலிருந்து போதிய பிராணவாயுவைக் கவரும் ஆற்றலை உடல் பெற்றுவிடுகிறது. கடுமையான மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களிலேயே தோன்றும். ஆகவே நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ செல்வோர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகருக்கு விமானத்தில் சென்று இறங்குவோர் மட்டும் முதல் ஓரிரு நாட்கள் ஓய்வெடுத்தே தீர வேண்டும்.

கீழே இறங்கி வருவோரின் உடலும் இவ்வாறே பழகுகிறது. மலைக்கிராமத்து இளைஞர் கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்கு வந்தால், முதல் வாரத்தில் வெப்பம் அவரை வாட்டும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் அவருக்கு வியர்வை விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கத் தொடங்குகிறது. அவ்வியர்வையில் உப்பு குறைகிறது. இருதயத்தின் சுமை தணிகிறது. இப்பழக்கம் நிலையானதன்று. ஊருக்குத் திரும்பிச் சில வாரங்கள் தங்கினால் உடல் அதை மறந்துவிடும். மீண்டும் இறங்கி வந்தால் மீண்டும் பழக வேண்டும். இவ்வுண்மையை அறிந்த மேற்பார்வையாளர், புதிதாக வந்த மலைநாட்டுத் தொழிலாளிக்கு முதல் வாரத்தில் வெயிலில் முழு வேலையைச் சுமத்தமாட்டார். குடிநீரும் இடையிடையே ஓய்வும் தருவார்.

வாரக்கணக்கில் உடல் பெறும் பழக்கம் ஒரு வகை. தலைமுறைக்கணக்கில் பெறும் தகுதி மற்றொரு வகை. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டர் உயரத்தில் வாழும் மக்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகுதியாக உள்ளது. திபெத்திய மக்களோ அத்தகைய மிகுதி இல்லாமலே அதே உயரத்தில் வாழ்கின்றனர். இதற்குத் துணைபுரியும் பாரம்பரியக் கூறுகளை 2010ஆம் ஆண்டில் அறிவியலறிஞர்கள் கண்டறிந்தனர். எனினும் மலையிலேயே பிறந்தவர்க்கும் உயரம் கேடு செய்வதுண்டு. இரத்தம் அளவுக்கு மேல் தடித்து உண்டாகும் நெடுநாள் மலைநோயைப் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925ஆம் ஆண்டில் விவரித்தார். மலையில் பிறந்தவர் என்பதால் ஒருவர் மலையின் எல்லாத் துன்பங்களையும் தாங்குவார் என்று எண்ணுவது பிழை.

சௌகரியத்தின் அளவு

கட்டட ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் மனிதர் அனைவர்க்கும் பொதுவான ஒரே சௌகரிய வெப்பநிலையைத் தேடி வந்தனர். 1970களில் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் என்பவர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி நோக்கினார். செயற்கையாகச் சூடேற்றாத, குளிரூட்டாத கட்டடங்களில் வாழ்வோர் விரும்பும் வெப்பநிலை, அவ்வூரின் வெளி வெப்பநிலையைப் பின்தொடர்ந்தே செல்கிறது என்பதை அவர் கண்டார். வெளியே சராசரி வெப்பம் இரண்டு டிகிரி உயர்ந்தால், மக்கள் விரும்பும் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்கிறது. அவர் கண்ட விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், சென்னைவாசிக்கு இதமான வெப்பம் 27 டிகிரியை ஒட்டியும், உதகைவாசிக்கு இதமான வெப்பம் 20 டிகிரியை ஒட்டியும் அமையும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்பமண்டலக் கோடைக் குறியீடும், நம் சமவெளி மக்களுக்கு 25 முதல் 30 வரையிலான அளவே இதமானது என்றும், அதிலும் 27.5 மிக உகந்தது என்றும் கூறுகிறது.

இம்முடிவுகளை நம் அன்றாட அனுபவமும் உறுதி செய்கிறது. சென்னையில் 22 டிகிரிக்குக் குளிரூட்டிய அறையில் அமர்ந்தவர் கைகளைக் கட்டிக்கொள்கிறார். உதகையில் அதே 22 டிகிரி வெயிற்காலத்தின் உச்சம். அங்குள்ளவர் கம்பளிச் சட்டையைக் கழற்றி வைக்கிறார்.

உடலின் பழக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று. மனிதன் உடுத்தும் துணி, அவன் குடிக்கும் சூடான பானம், அமருமிடத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கம், சன்னலைத் திறக்கவும் மூடவும் உள்ள உரிமை, இத்தனை குளிர் இயல்பே என்னும் மனநிலை ஆகிய யாவும் இதில் அடங்கும். இவ்வேற்பாடுகளில் ஒன்றைப் பறித்துவிட்டால், பழகிய குளிரும் தாங்க முடியாததாகிவிடும். மலைமக்களுக்குக் குளிர் உறைக்காது என்று கூறுவோர் மறப்பது இதனையே. அவர்களும் நம்மைப் போலவே குளிரை உணர்கின்றனர்; அதனைத் தடுக்கும் முறைகளை அவர்கள் அறிந்திருக்கின்றனர்.

நீலகிரியின் அடுக்குகள்

நிலத்தின் இயல்புக்கேற்ப மக்களின் தொழிலும் உணவும் மாறும் என்பதைத் திணைப் பாகுபாட்டின் மூலம் பழந்தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். ஒரே மலையிலும் உயரத்திற்கேற்ப இவ்வேறுபாடு அமைவதை நீலகிரி காட்டுகிறது. உச்சிப் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்தவர் தோடர். அம்மேட்டு நிலத்தில் உழவு செய்தவர் படகர். மட்பாண்டமும் இரும்புக் கருவிகளும் செய்தவர் கோத்தர். சரிவுக் காடுகளில் குறும்பரும், அடிவாரத்தை ஒட்டிய தாழ்ந்த சரிவுகளில் இருளரும் வாழ்ந்தனர். மேலே சாமையும் கேழ்வரகும் எருமைப் பாலும். கீழே காட்டுக் கிழங்கும் தேனும். ஒவ்வொரு குழுவும் தன் உயரத்தையே தனக்குரியதெனக் கொண்டது.

இந்த விருப்பத்திற்குப் பின்னால் நோயைப் பற்றிய அச்சமும் இருந்தது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிர்வதற்குப் போதிய வெப்பம் தேவை. சுமார் 16 டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. எனவே உச்சியிலுள்ள ஊர்களில் மலேரியா நிலைகொள்ளவில்லை. அடிவாரமோ காய்ச்சலுக்குப் பேர்பெற்றிருந்தது. மலேரியா கொசுவினால் பரவுவதை ஆராய்ந்த ரொனால்டு ராஸ், 1897ஆம் ஆண்டில் உதகையிலிருந்து சீகூர் மலைச்சரிவுக்குச் சென்றபோது தாமே அக்காய்ச்சலுக்கு ஆளானார். அதே ஆண்டில்தான் செகந்தராபாத்தில் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். 1953ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மலேரியா ஒழிப்புப் பணிகளுக்குப் பின் அடிவாரத்தின் மீதிருந்த அந்த அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது.

வெள்ளையர் இம்மலையை நாடியதற்கும் சௌகரியமே காரணம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் நீலகிரிக்கு ஏறி வந்தார். அங்குள்ள தட்பவெப்பம் அவருடைய தாய்நாட்டை நினைவூட்டியது. பின்னர் உதகை சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகராயிற்று. மலை என்றால் ஆரோக்கியம், உயர்ந்த இடம் என்றால் உயர்ந்தோர் வாழுமிடம் என்னும் எண்ணம் நம்மவர் மனத்திலும் அன்று முதல் பதிந்துவிட்டது.

இவ்வெண்ணம் உலகெங்கும் பொருந்துவதன்று. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரம் ஒரு பெரும் பள்ளத்தாக்கில் சரிந்து கிடக்கிறது. அதன் மையப்பகுதி சுமார் 3,600 மீட்டர் உயரத்திலும், அதன் விளிம்பின் மேலுள்ள எல் ஆல்டோ நகர் 4,100 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. அங்கே செல்வர்கள் வாழ்வது மேலேயன்று. காற்று அடர்ந்தும் வெப்பம் மிகுந்தும் உள்ள கீழ்ப்பகுதியில்தான் அவர்கள் வீடு கட்டுகின்றனர். குளிரும் காற்றும் மிக்க மேட்டில் ஏழை உழைப்பாளிகள் வாழ்கின்றனர். 2014ஆம் ஆண்டு முதல் கம்பிவடத் தொங்கு வண்டிகள் அவர்களை வேலைக்கு இறக்கி, மாலையில் ஏற்றிச் செல்கின்றன. சென்னையின் வெப்பத்திலிருந்து தப்ப நாம் மேலே ஏறுகிறோம். லா பாஸின் குளிரிலிருந்து தப்ப அவர்கள் கீழே இறங்குகின்றனர். இரண்டிடத்திலும் வசதி படைத்தவர் இதமான உயரத்தைத் தமக்குத் தேர்ந்துகொள்கின்றனர். வசதியற்றவர்க்கு எஞ்சிய உயரமே கிடைக்கிறது.

நம் மலைகளிலும் இப்போட்டி இல்லாமலில்லை. கோடையில் ஏறி வரும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு முறை உயர்நீதிமன்ற ஆணைப்படி நடைமுறைக்கு வந்தது. சில நாட்கள் தங்க வருவோரின் சௌகரியத்திற்காக எழும் மாளிகைகளின் நடுவே, ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் மக்களின் சௌகரியத்தையும் எண்ணிப் பார்ப்பது ஊராட்சிகளின் கடமையாகும்.

வீடு அமைக்கும் முறை

சமவெளி வீட்டின் இலக்கணம் வெப்பத்தை வெளியேற்றுவதே. உயர்ந்த கூரை, நடுவே முற்றம், எதிரெதிர் சன்னல்கள், நிழலுக்குத் திண்ணை ஆகிய யாவும் அதற்கே உதவுகின்றன. மலை வீட்டின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. தோடரின் பழைய குடில் மூங்கிலை வளைத்து, புல் வேய்ந்து, பாதியாய்ப் பிளந்த பீப்பாய் போன்ற உருவில் அமைந்தது. அதன் வாயில் மூன்றடி உயரமே இருக்கும். தவழ்ந்தே உள்ளே செல்ல வேண்டும். இதனை வறுமையின் அடையாளமென்று கருதியவர் உண்டு. உண்மையில் சிறிய வாயில் குளிர்காற்றைத் தடுத்தது. தாழ்ந்த கூரை அடுப்பின் வெப்பத்தைத் தலைக்கு மேல் நெடுந்தூரம் செல்லவிடாமல் மனிதருக்கருகிலேயே நிறுத்தியது. படகரின் ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. இவ்வமைப்பில் ஒரு வீட்டின் வெப்பம் அடுத்த வீட்டுக்கும் பயன்படுகிறது; காற்றுக்கு எதிரே நிற்கும் சுவர்களின் எண்ணிக்கையும் குறைகிறது.

இன்று தோடரும் பிறரும் பெரும்பாலும் செங்கல், சிமெண்டு வீடுகளிலேயே வாழ்கின்றனர். மழையில் ஒழுகாத உறுதியான வீட்டை அவர்கள் விரும்புவது நியாயமே. பழைய குடிலுக்கே திரும்புங்கள் என்று யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் புதிய வீடு, பழைய வீடு ஆற்றிய பணியையும் ஆற்ற வேண்டும். மெல்லிய கான்கிரீட் தளம் தெளிந்த இரவில் தன் வெப்பத்தை வானுக்கு விரைவில் இழந்துவிடுகிறது. உள்ளே உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் அதன் அடிப்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது. சுவரில் பூஞ்சை பூக்கிறது. இதனைத் தவிர்க்கச் சில எளிய முறைகள் உள்ளன. கூரைக்குக் கீழே பலகையாலோ மூங்கில் பாயாலோ ஓர் உட்கூரை அமைத்தால் இடைப்பட்ட காற்று போர்வை போல உதவும். வாயிலுக்கு முன் சிறு தடுப்பறை அமைத்தால் கதவு திறக்கும்போது குளிர் நேரே உட்புகாது. பெரிய சன்னல்களைக் கிழக்கும் தெற்கும் நோக்கி அமைத்தால் காலை வெயிலும் குளிர்கால வெயிலும் உள்ளே வரும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நீலகிரியின் மேற்கே கூடலூர், பந்தலூர் பகுதிகளைத் தாக்குவது தென்மேற்குப் பருவமழை. கிழக்கே குன்னூர், கோத்தகிரி பகுதிகள் வடகிழக்குப் பருவமழையில் நனைகின்றன. ஆதலால் மழைக்கு மறைவான பக்கம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரே மாவட்டத்திற்குள்ளும் ஒரே வரைபடம் போதாது என்பதற்கு இதுவே சான்று.

அடுப்பும் உணவும்

காற்றழுத்தம் குறைவதால் உண்டாகும் மாறுதலை முதலில் அறிபவர் வீட்டுப் பெண்களே. கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. உதகையில் நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகிட்டாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே பருப்பும் பயறும் வேக நெடுநேரமாகிறது. சமவெளியிலிருந்து வந்த சமையற்காரர் பருப்பைக் குறை கூறுகிறார்; பருப்பின் மீது குற்றமில்லை.

மலையில் கேழ்வரகு மாவும் சாமையும் நிலைபெற்றதை இத்துடன் சேர்த்து எண்ணலாம். மாவிலுள்ள மாச்சத்து 92 டிகிரிக்கு வெகு கீழேயே வெந்து குழைந்துவிடும். எனவே களி கிளறுவதற்கு உயரம் தடையாவதில்லை. முழுப் பருப்புக்கோ அழுத்தக்கலம் எனப்படும் பிரஷர் குக்கர் பெருந்துணை. அது உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, உதகையிலும் ஏறத்தாழ 117 டிகிரி வரை வெப்பத்தை உயர்த்துகிறது. மலைக்கிராமங்களிலுள்ள அங்கன்வாடிகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் இதன் முக்கியத்துவத்தை உணர வேண்டும். சமவெளிக்குக் கணக்கிட்ட எரிபொருளும் நேரமும் அங்கே போதமாட்டா. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தலும், போதிய அளவில் குக்கர் வழங்குதலும், எரிபொருளைச் சற்றுக் கூட்டிக் கணக்கிடுதலும் வேண்டும். இன்றேல் குழந்தைகளின் தட்டில் விழுவது அரைவேக்காடாகவே இருக்கும்; அதனை அவர்கள் ஒதுக்கினால், பருப்பு பிடிக்காத பிள்ளைகள் என்று பெயர் சூட்டிவிடுவோம்.

உடல்நலத்தில் கவனிக்க வேண்டியவை

மலையில் பழைய விறகடுப்பு இரண்டு பணிகளைச் செய்தது: சோறு சமைத்தது, வீட்டையும் சூடாக்கியது. அதன் புகை கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு செய்தமையால் எரிவாயு அடுப்பு வந்தது நன்மையே. ஆயினும் எரிவாயு அடுப்பு சமையல் முடிந்ததும் அணைக்கப்படுகிறது, வீடு குளிர்ந்துவிடுகிறது. அப்போது சிலர் கரி நெருப்பைச் சட்டியிலிட்டு, கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்குகின்றனர். சமவெளியிலிருந்து வந்து தங்குவோரும் இவ்வாறே செய்வதுண்டு. இது உயிருக்கு ஆபத்தானது. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேல் வலுவாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஏற்கெனவே பிராணவாயு குறைந்துள்ள மலைக்காற்றில் அதன் கொடுமை இன்னும் மிகும். உறங்குவோர் விழிக்காமலே இறந்துவிடக்கூடும். படுக்கும் அறையில் கரிச்சட்டியை வைக்கலாகாது என்பதை ஒவ்வொரு மலைக்கிராமத்திலும், தங்கும் விடுதியிலும் எடுத்துரைக்க வேண்டும். சூடு வேண்டுமாயின் புகைபோக்கி பொருத்திய அடுப்பே தக்கது.

இரத்தசோகையைக் கணிப்பதிலும் உயரத்தை நினைவிற்கொள்ள வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் இருத்தல் வேண்டுமென்பது சமவெளியின் அளவு. மலையில் வாழ்வோருக்கு இயல்பாகவே அது கூடுதலாக இருக்க வேண்டும். ஆகையால் உலக சுகாதார நிறுவனம் உயரத்திற்கேற்ற திருத்தத்தை வலியுறுத்துகிறது. உதகை போன்ற உயரத்தில் இத்திருத்தம் ஒரு கிராமுக்கு மேல் ஆகும். அங்கே 12.5 கிராம் உள்ள பெண்ணைச் சமவெளிக் கணக்கில் நலமுடையவர் என்று எழுதிவிட்டால், அவருடைய சோகை கவனிக்கப்படாமலே போகும். சிவப்பணுக்கள் பெருக இரும்புச்சத்து வேண்டும். ஆதலின் கேழ்வரகு, கீரை, பயறு ஆகியவற்றைக் குறைக்காமல் உண்பதும், தேவையானோர் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்வதும் மலைப்பகுதியில் இருமடங்கு அவசியமாகின்றன.

திட்டமிடுவோர்க்கு

நீலகிரிக்கென்று தனியே மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வகுக்கப்பெற்றது. மலைக்குத் தனிக் கவனம் வேண்டுமென்னும் கொள்கை அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. அக்கொள்கையை வீட்டின் கூரையிலும், அங்கன்வாடியின் அடுப்பிலும், செவிலியரின் பதிவேட்டிலும் நிறைவேற்றுவதே எஞ்சிய பணி. ஏற்காடு, கொல்லிமலை போன்ற ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு மீட்டர் வரை உயர்ந்த இடங்களில் பிராணவாயுக் குறைவு பெரிதாகத் தோன்றாது. ஆனால் இரவுக் குளிரும் ஈரமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் குடியேற்றும்போது இக்கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். நிலச்சரிவு, வனப் பாதுகாப்பு, அணைக்கட்டு போன்ற காரணங்களால் மலையிலிருந்து சிலரைக் கீழே இறக்க நேரிடலாம். அவர்களுக்கு வீடும் நிலமும் தந்துவிட்டால் கடமை முடிந்ததென்று கொள்ளலாகாது. அவர்களுடைய உடல் வெப்பத்திற்குப் பழகச் சில வாரங்களாகும். வீட்டை வெப்பத்திற்கேற்ப அமைத்தும் நடத்தியும் வாழும் அறிவு கைவரப் பல ஆண்டுகளாகும். அவர்கள் பயிரிட்ட தானியம் அங்கே விளையாது. வளர்த்த கால்நடை அவ்வெப்பத்தைத் தாங்காது. புதிய இடம் பிடிக்கவில்லை என்று அவர்கள் கூறினால், அது பிடிவாதமென்று தள்ளத்தக்கதன்று. தலைமுறை தலைமுறையாக அவர்கள் திரட்டிய அறிவுக்கு அங்கே பயனில்லாமல் போனதையே அச்சொல் குறிக்கிறது. இயன்றவரை அதே உயரத்தில், அதே சரிவில் மாற்றிடம் தேடித் தருவதே சிறந்தது. இயலாதபோது, இறங்கும் காலத்தைக் கோடையில் வைக்காமல் மழைக்காலத்தின் முடிவில் வைப்பது நன்று. அவ்வாறு செய்தால், வெப்பம் உச்சத்தை எட்டுமுன் அவர்கள் உடல் படிப்படியாகப் பழகிக்கொள்ளும்.

மலையூர்களில் வீட்டுத் திட்டம் தீட்டும் அலுவலர்கள், வரைபடத்தை இறுதி செய்யுமுன் தை மாதத்தில் ஓரிரவேனும் அவ்வூர் வீடொன்றில் தங்கிப் பார்ப்பது பயனுடையதாகும். அடுப்பைச் சுற்றி எவ்வளவு இடம் வேண்டும், எச்சன்னல் மூடியே கிடக்கிறது, முதியோர் எம்மூலையில் படுக்கின்றனர், நள்ளிரவில் கூரையிலிருந்து எங்கே நீர் சொட்டுகிறது என்பனவற்றை வீட்டாரே காட்டுவர். அவற்றைக் குறித்துக்கொண்டு ஊராட்சிக் கூட்டத்தில் பெண்களையும் முதியோரையும் கலந்து பேசி வரைபடத்தைத் திருத்தினால், அரசு செலவிடும் அதே பணத்தில் மக்கள் விரும்பி வாழும் வீடுகள் மலைமீதும் எழும்.